கண்டாங்கித் துண்டில் லைனிங் வைத்த ஜிப் பை

ஒரு ஜிப் பை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஜிப் முடியும் இரண்டு மூலைகளைப் பார்த்தால் போதும். மூலை நிமிர்ந்து நிற்கிறதா, உள்வாங்கிக் குழிந்திருக்கிறதா? ஜிப் பட்டியின் பிசிறு வெளியே தெரிகிறதா? விரலால் அழுத்தினால் உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? மற்ற இடமெல்லாம் நேர்த்தையல்தான். பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைக்கத் தெரிந்தவர் அதைச் செய்துவிடுவார். மூலையில் மட்டும் வெளித்துணி இரண்டு, லைனிங் இரண்டு, ஜிப் பட்டி, அதன் பல் எல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிகின்றன. அந்தக் குவியலை முன்கூட்டியே குறைத்துவிட்டுத் தைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். அளவு, வெட்டு, தையல் வரிசை எல்லாமே அதற்காகத்தான்.

துணிக்குக் கண்டாங்கியை எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது கைக்கெட்டும் துணி. வீட்டுப் பீரோவில் கரை கிழிந்த பழைய சேலை ஒன்றாவது இருக்கும். தையல் கடையில் கேட்டால் ரவிக்கை வெட்டிய மிச்சம் ஒரு பை நிறையக் கிடைக்கும். தேவாங்கர்கள் தறியில் நெய்யும் இந்தக் காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு, பச்சை என்று அழுத்தமான நிறங்கள், பெரிய கட்டம், அகலக் கரை. பின்கொசுவம் வைத்துக் கட்டி, வீட்டு வேலை முழுதும் பார்த்த ஆச்சிமாரின் அன்றாடச் சேலை இது. உழைக்கும் துணி என்பதால் பைக்கும் பொருந்தும். ஆனால் கைத்தறிக் கட்டத்துணிக்கென்று சில குணங்கள் உண்டு. அவை தெரியாமல் கத்தரியை வைத்தால் துணிதான் வீணாகும்.

பழைய சேலையில் எந்தப் பகுதியை எடுப்பது என்பதே முதல் கேள்வி. பாதத்தில் உரசும் கீழ்க்கரையும், உட்காரும் இடமும்தான் முதலில் நைந்துபோகும். இடுப்பில் சொருகும் உள்சுற்றுப் பகுதி வெயிலையும் உரசலையும் குறைவாகவே பார்த்திருக்கும். அங்கே நிறமும் நன்றாக இருக்கும், நூலும் கெட்டியாக இருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிவதை மட்டும் நம்ப வேண்டாம். துணியை வளவில் (வீட்டு முற்றத்தில்) விழும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். பிறகு இரண்டு கட்டைவிரலையும் ஒரு இஞ்ச் இடைவெளியில் வைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். நூல் விலகி, விட்ட பிறகும் திரும்பிச் சேராமல் நின்றால் அந்தத் துண்டு வெளித்துணிக்கு ஆகாது. ஜிப்பின் இழுவை அப்படியே தையலோரத்தில்தான் விழும். அங்கே துணி வலுவில்லாவிட்டால் தையல் நிற்கும், துணி கிழியும்.

புதுத்துணியானாலும் பழையதானாலும் வெட்டும் முன் அலசியே ஆக வேண்டும். புதுக் கண்டாங்கியில் கஞ்சி இருக்கும். அது போன பிறகுதான் துணி தன் உண்மையான அளவுக்கு வரும். அலசாத வெளித்துணியும் ஏற்கெனவே பலமுறை துவைத்த வேட்டித் துணி லைனிங்கும் சேர்ந்தால், முதல் துவைப்பில் வெளித்துணி சுருங்கி லைனிங் உள்ளே தொளதொளவென்று நிற்கும். அரக்கும் சிவப்பும் சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால், தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். உப்புத் தண்ணீரில் ஒருமுறை முக்கினால் சாயம் நின்றுவிடும் என்று பலரும் சொல்வதுண்டு. அதை நம்பி வெள்ளை லைனிங் வைக்காதீர்கள். உப்பு அந்த வேலையைச் செய்யாது.

அலசிக் காய்ந்த துணிக்கு நீர்த்த சாதக் கஞ்சியை லேசாகத் தடவி, பாதி ஈரத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டால் வெட்டுவதற்குச் சுகமாக இருக்கும். கைத்தறித் துணியின் பெரிய தொல்லை ஓரம் பிரிவது. கஞ்சி அதைக் கொஞ்சம் அடக்கும். கட்டமும் கோணாமல் நிற்கும். தைத்து முடித்த பிறகு ஒருமுறை அலசினால் கஞ்சி போய்விடும்.

இனி கட்டத்துக்கு வருவோம். கட்டத்துணியில் கோடுதான் இருக்கிறதே, அளவுகோல் எதற்கு என்று தோன்றும். பாதி சரி, பாதி தவறு. சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தறியின் அச்சில் கோத்து வருவது. அதனால் பாவுக் கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் சேலை முழுதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை அப்படியில்லை. நெசவாளி ஒவ்வொரு இழையையும் அடித்துச் சேர்க்கும் வேகத்தைப் பொறுத்தது அது. ஒரு கட்டம் சரியாக ஒரு இஞ்ச் இருக்கும், ஒரு முழம் தள்ளி அதே கட்டம் ஒரு நூல் குறைந்திருக்கும். நூல் என்று நான் சொல்வது ஆசாரிமார் சொல்லும் அளவு: ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் கால் இஞ்ச், நான்கு நூல் அரை இஞ்ச். இந்த வேலைக்கு இதைவிட வசதியான அளவு இல்லை. ஆக, பாவுக் கோட்டை நம்பி வெட்டலாம். ஊடைக் கோட்டை எண்ணி அளவெடுக்கக் கூடாது, டேப் வைத்தே அளக்க வேண்டும்.

இன்னொன்று: பையின் அகலம், அதாவது ஜிப் ஓடும் திசை, சேலையின் நீளவாக்கில், பாவோடு சேர்ந்து இருக்கட்டும். பாவு நூல் இழுத்தால் குறைவாகவே நீளும். அந்தத் திசையில் ஜிப் வைத்தால் தைக்கும்போது துணி நீண்டு ஜிப் பாம்புபோல் நெளியாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கரையும் பாவுத் திசையில்தான் ஓடுகிறது. எனவே கரை தானாகவே பையின் அடியில் கிடைமட்டமாக அமையும். அகலக் கரை கீழே, கட்டம் மேலே என்று பை சின்னச் சேலைபோல நிற்கும்.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் எங்கிருந்து வெட்டுவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். கரையோரமாக ஒரு துண்டு, அதையடுத்து நீளவாக்கில் இன்னொரு துண்டு என்று வெட்டுவார்கள். இரண்டிலும் ஊடைக் கோடுகளின் இடைவெளி மாறியிருக்கும். ஜிப்பின் இருபுறமும் கோடு சேராது. சேலையின் முழு அகலமும் கையில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: மேல்கரையிலிருந்து ஒரு துண்டு, அதற்கு நேர் கீழே, அதே ஊடை இழைகள் ஓடிவரும் இடத்தில், கீழ்க்கரையிலிருந்து ஒரு துண்டு. இரண்டிலும் ஒரே இழைகள் இருப்பதால் கோடுகளின் இடைவெளி ஒரு மயிரிழைகூட மாறாது. பையைப் பிரித்து விரித்தால் நடுவில் கொஞ்சம் வெட்டியெடுத்த சேலைபோலவே கிடக்கும். இடது பக்கம் இடதாகவே இருக்கும். எதையும் திருப்ப வேண்டாம். இரண்டு கரையும் வேறுவேறு நிறமாக இருந்தாலும் அழகுதான்.

துண்டு துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது என்றால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். 2½ இஞ்ச் கரைப்பட்டையையும் 4½ இஞ்ச் கட்டத் துண்டையும் கால் இஞ்ச் தையலில் சேர்த்தால் சரியாக 6½ இஞ்ச் கிடைக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் அரை இஞ்ச் போகும் என்பதை மறக்காமல் கணக்கிடுங்கள். ஒட்டுத் தையலை ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போட்டு, முன்துண்டில் மேல்நோக்கி மடித்திருந்தால் பின்துண்டில் கீழ்நோக்கி மடியுங்கள். பக்கத் தையலில் இரண்டும் சந்திக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பல்லும் பல்லும் போலப் பொருந்தும். மேல் ஓரத்திலிருந்து ஒரு இஞ்சுக்குள் ஒட்டு வர வேண்டாம். ஜிப் தையல் அங்கே மேடேறி வளையும்.

வெட்டும் அளவு இது. வெளித்துணி 9 இஞ்ச் அகலம், 6½ இஞ்ச் உயரம், இரண்டு துண்டு. லைனிங்கும் அதே அளவில் இரண்டு. 5 நம்பர் நைலான் ஜிப், பட்டி 8 இஞ்ச் நீளம், பல்லை மூடித் திறக்க இழுக்கும் ரன்னர் ஒன்று. ஜிப் முனைக்கு 1½ இஞ்ச் நீளத்தில், ஜிப் பட்டியின் அகலத்தில் நான்கு சிறு துண்டுகள். 5 நம்பர் பட்டி ஏறத்தாழ 1¼ இஞ்ச் அகலம் இருக்கும். வாங்கியதை அளந்துகொள்ளுங்கள். தைத்து முடித்தால் பை 8¼ இஞ்ச் அகலமும் ஆறு இஞ்சுக்குச் சற்றுக் குறைந்த உயரமும் வரும். போன், சாவி, மூக்குக் கண்ணாடி, மடித்த காகிதம் எல்லாம் அடங்கும்.

லைனிங்குக்குப் பருத்தி பாப்லின் அல்லது நன்றாக இருக்கும் வேட்டித் துணி. வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு லைனிங் அழுக்கு தாங்கும் என்று வைப்பார்கள். பிறகு பைக்குள் விழுந்த மூக்குத்தித் திருகாணியைத் தேட டார்ச் வேண்டும். வழுக்கும் சாட்டின் வேண்டாம். தைக்கும்போது நழுவும், ஓரமும் பிரியும். 36 இஞ்ச் அகலத் துணியில் 60 செ.மீ. வாங்கினால், அலசிச் சுருங்கிய பிறகும் 12 துண்டு வரும். ஆறு பைக்கு லைனிங் ஆயிற்று.

வெளித்துணிக்கு உள்ளே ஒட்டும் கேன்வாஸ் தேவையா என்பது துணியைப் பொறுத்தது. தடித்த பழைய கண்டாங்கிக்குத் தேவையில்லை. 80 நம்பர் நூலில் நெய்த மெல்லிய துணியானால் மெல்லிய கேன்வாஸ் ஒட்டினால்தான் பை நிற்கும். அதை வெளித்துணி அளவுக்கே வெட்டி ஒட்டக் கூடாது. மேலே இரண்டு நூலும் மற்ற மூன்று பக்கமும் மூன்று நூலும் குறைத்து, 8¼-க்கு ஏறத்தாழ 5⅞ இஞ்ச் அளவில் வெட்டி, தையல் கோட்டுக்கு உள்ளேயே நிற்கும்படி ஒட்டுங்கள். தையலுக்குள் கேன்வாஸ் போனால் மூலையில் கனம் இரட்டிக்கும். பசைப் புள்ளி மின்னும் பக்கம் துணியின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி அழுத்தித் தூக்கி வையுங்கள். இழுத்தால் கட்டம் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை நேராக்க வழியில்லை.

மெஷினில் 14 நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், இஞ்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். 11 நம்பர் ஊசி ஜிப் முனையில் வளையும் அல்லது உடையும். ஜிப் ஃபுட் கட்டாயம் வேண்டும். வழக்கமான அகல ஃபுட் ஜிப் பல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தையலைத் தள்ளிவிடும். காலால் மிதிக்கும் பழைய மெஷின் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. சக்கரத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு தையலாக நகர்த்தலாம், மூலையில் அந்த நிதானம்தான் தேவை.

முதல் வேலை ஜிப் முனை. ரோலில் வாங்கிய ஜிப் பட்டியின் முனையை நேராக வெட்டி, ரன்னரின் இரண்டு வாயிலும் இரண்டு பல்வரிசையையும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் நுழைத்து இழுங்கள். ஒரு பக்கம் இரண்டு பல் முந்திப் போனால் அந்த வித்தியாசம் மறுமுனைவரை வரும். பட்டியின் ஒரு பக்கம் மேடு தட்டி நிற்கும். மூடிய பிறகு இரண்டு பட்டி முனையும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கழற்றி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பட்டியின் முனையில், மேலே ஒரு முனைத்துண்டு, கீழே ஒரு முனைத்துண்டு, இரண்டின் நல்ல பக்கமும் ஜிப்பைப் பார்க்கும்படி வைத்து, முனையிலிருந்து இரண்டு நூல் தள்ளி எல்லாவற்றையும் சேர்த்துத் தையுங்கள். பல்லைக் கடக்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நைலான் பல்லை ஊசி துளைத்துக்கொண்டு போகும். உலோகப் பல் ஜிப்பில் இதைச் செய்யவே கூடாது, ஊசி தெறித்துக் கண்ணில் படும். தைத்த பிறகு இரண்டு முனைத்துண்டையும் வெளிப்பக்கமாக மடித்து இஸ்திரி போட்டு, மடிப்பை ஒட்டி ஒரு மேல்தையல். அடுத்த முனைக்குப் போகும் முன் ரன்னர் பட்டியில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது முனையும் அடைத்த பிறகு ரன்னரைக் கோக்க வழி கிடையாது, பிரிக்கத்தான் வேண்டும்.

இரண்டு முனையும் முடிந்தால் மொத்த நீளம் 10 இஞ்ச் வரும். நடுவை மடித்துக் குறித்து, இருபுறமும் 4½ இஞ்ச் வைத்து வெட்டினால் சரியாக 9. இப்போது ஒரு முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அளந்து பாருங்கள். ஓரத்திலிருந்து மூன்று நூல் தூரத்தில்தான் பிறகு பக்கத் தையல் ஓடப்போகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் ஜிப் பட்டியின் வெட்டுமுனை நான்கு நூலில் நிற்கிறது. முனைத்துண்டின் மடிப்பு ஆறு நூலில் இருக்கிறது. ஆக, பக்கத் தையல் மெல்லிய துணியில் மட்டும் இறங்கும், ஜிப்பைத் தொடாது. அந்த ஒரு நூல் இடைவெளிதான் மூலையை நிமிர்த்துகிறது. வெளியே மூன்று நூல் அகலத்துக்கு முனைத்துண்டு அழகாகத் தெரியும். கட்டத்திலிருக்கும் மஞ்சளோ கறுப்போ ஒன்றைத் தேர்ந்து ஒற்றை நிறத்தில் வைத்தால் எடுப்பாக இருக்கும்.

அடுத்து ஜிப்பை இணைப்பது. முன்துண்டை நல்ல பக்கம் மேலே தெரியும்படி வைத்து, அதன் மேல் ஓரத்தோடு ஜிப்பைக் கவிழ்த்து வையுங்கள். ரன்னர் துணியைப் பார்க்க வேண்டும். அதன்மேல் லைனிங்கையும் கவிழ்த்து வையுங்கள். மூன்று ஓரமும் ஒன்றாக நிற்கட்டும். ஜிப் நடுவில் மறைந்திருக்கும். குண்டூசியைவிடக் கையால் ஒரு ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வது நல்லது. இது கூடுதல் வேலை என்று விட்டுவிடுவார்கள். கட்டத்துணியில் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணில் குத்தும், ஒற்றை நிறத் துணியானால் மட்டும் விட்டுவிடலாம்.

ஓரத்திலிருந்து இரண்டு நூலில் தையுங்கள். ரன்னரை நெருங்கும்போது தையல் வெளியே வளையும், ஏனென்றால் ரன்னரின் அகலம் ஃபுட்டைத் தள்ளும். அதனால் ரன்னருக்கு இரண்டு இஞ்ச் முன்பே நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைத் தைத்து முடித்த பக்கமாக நகர்த்திவிட்டுத் தொடருங்கள். பிறகு வெளித்துணியையும் லைனிங்கையும் ஜிப்பிலிருந்து விலக்கி மடித்து, இரண்டையும் நன்றாக இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டு, மடிப்பிலிருந்து அரை நூல் தள்ளி மேல்தையல் போடுங்கள். இது அலங்காரத்துக்கு மட்டும் இல்லை. லைனிங் எழும்பி ரன்னரில் சிக்காமல் தடுப்பது இந்தத் தையல்தான். லைனிங் கிழிந்த பைகளில் பெரும்பாலும் இது இருக்காது. இஸ்திரி போடும்போது பெட்டியை நைலான் பல்லின்மேல் நிறுத்த வேண்டாம், அதிகச் சூட்டில் பல் உருகி ஒட்டும்.

மறுபக்கம் தைக்கும் முன் கோடுகளைச் சேர்க்க வேண்டும். தைத்த பக்கத்தில் ஒவ்வொரு ஊடைக் கோடும் ஜிப்பைத் தொடும் இடத்தில், ஸ்கேலை நேராக வைத்து, தைக்காத பட்டியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். ஜிப் மூடியிருக்க வேண்டும், அது முக்கியம். பின்துண்டின் கோடுகளை அந்தப் புள்ளிகளில் பொருத்தி ஓட்டுத்தையல் போட்டுவிட்டு மெஷினில் கொடுங்கள். ஒரே ஊடையிலிருந்து வெட்டிய துண்டுகளானால் எல்லாப் புள்ளியும் தானாக உட்காரும். வேறு இடத்தில் வெட்டியவையானால் நடுக்கோட்டைச் சேர்த்துக்கொண்டு, மிச்ச வித்தியாசத்தை இரு ஓரத்துக்கும் தள்ளிவிடுங்கள். நடுவில் சேர்ந்திருந்தால் பார்ப்பவர் கண் ஓரத்துக்குப் போகாது.

இப்போது மூடும் கட்டம். மூடும் முன் ஜிப்பைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். இதை மறந்தால் பையைப் புரட்ட வழியில்லை, துணிக்குள்ளிருந்து ரன்னரைத் தடவித் தடவித் திறக்க வேண்டியிருக்கும். சில சமயம் அதுவும் முடியாமல் தையலைப் பிரிக்க நேரும். வெளித்துணி இரண்டும் நல்ல பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு புறம், லைனிங் இரண்டும் அதேபோல மறுபுறம். நடுவில் ஜிப் இரண்டாக மடிந்திருக்கும். அந்த மடிப்பு இரண்டு முனையிலும் லைனிங் பக்கமே சாய்ந்திருக்கட்டும். ஒரு முனை லைனிங் பக்கமும் மறுமுனை வெளித்துணி பக்கமும் சாய்ந்துவிட்டால் புரட்டிய பிறகு ஒரு மூலை நிமிர்ந்தும் மற்றது சுருங்கியும் தெரியும். அதற்குத் தையலைக் குறை சொல்லிப் பயனில்லை, மடிப்பின் பிழை அது.

லைனிங்கின் அடியில் நடுவே 4 இஞ்ச் விட்டுவிட்டு, விட்ட இடத்தின் ஒரு முனையிலிருந்து தொடங்கிச் சுற்றிலும் தைத்து மறுமுனையில் முடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் போட்டுக் கட்டுங்கள், புரட்டும்போது அந்த இடம்தான் இழுபடும். வெளித்துணியில் மூன்று நூல் விட்டுத் தைக்கிறோம். லைனிங்கில் நான்கு நூல். ஜிப் முனையில் மூன்றில் தொடங்கி ஒரு இஞ்ச் தூரத்துக்குள் மெல்ல நான்குக்கு நகர்ந்தால் போதும். உள்ளே உட்காரும் பை வெளிப்பையைவிடக் கொஞ்சம் சின்னதாக இல்லாவிட்டால் அடியில் மடிந்து மடிந்து சேரும். கையை விடும்போதெல்லாம் விரலில் தட்டும். லைனிங்கைச் சிறியதாக வெட்டுவதைவிடத் தையலைத் தள்ளிப் போடுவது சுலபம். ஓரங்கள் சேர்ந்தே இருக்கும், பொருத்துவதில் குழப்பம் வராது.

ஜிப் முனையைக் கடக்கும்போது மட்டும் சக்கரம் கையில் இருக்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் ஊசி தடையில்லாமல் இறங்கும். கடக்கென்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஊசி ஜிப் பல்லில் பட்டிருக்கிறது, அதாவது பட்டி வெட்டியதிலோ முனை தைத்ததிலோ ஒரு நூல் தவறியிருக்கிறது. இன்னும் அரை நூல் வெளியே தள்ளித் தைத்தால் தப்பிக்கலாம். மேலே அழுத்தித் தைத்துவிட்டுப் போனால் அந்த மூலை எப்போதும் கல்லாகத்தான் இருக்கும்.

கரை வரும் அடிமூலையில் நூல் நெருக்கம் அதிகம், அதனால் கனமும் அதிகம். அங்கே தையலுக்கு ஒரு நூல் தள்ளிக் கோணலாக மூலையை வெட்டிவிடுங்கள். அதற்குமேல் நெருங்க வேண்டாம், கைத்தறித் துணி பிரிந்து தையலைத் தாண்டிவிடும். ஓவர்லாக் தேவையில்லை. ஓரமெல்லாம் லைனிங்குக்குள் அடைபட்டுவிடும். ஆனால் பக்கத் தையலை இரண்டு நூலாகக் குறைத்துத் துணி மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

பிறகு லைனிங்கின் வாய் வழியாகப் பையைப் புரட்டி, மூலைகளைக் கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய ஒன்றால் உள்ளிருந்து தள்ளுங்கள். கத்தரிமுனை வேண்டாம், கடைசி நேரத்தில் துணியைக் குத்தும். ஜிப்பின் மேல்மூலையைக் குண்டூசியால் வெளியிலிருந்து கோதி இழுத்துவிடலாம். லைனிங்கின் வாயை உள்ளே மடித்து ஓரத்தோடு ஒரு தையல் போட்டால் ஆயிற்று. கையால் மறைதையல் போட்டால் இன்னும் நேர்த்தி.

அடியில் அகலம் வேண்டுமென்றால், வெளித்துணி, லைனிங் எல்லாத் துண்டுகளிலும் அடிமூலை இரண்டிலும் ஒரு இஞ்ச் சதுரத்தை வெட்டியெடுத்துவிட்டு, பக்கமும் அடியும் தைத்த பிறகு அந்தப் பொந்தை எதிர்த்திசையில் இழுத்து, பக்கத் தையலும் அடித்தையலும் நேராகச் சந்திக்கும்படி வைத்துத் தையுங்கள். இந்தத் தையலுக்கும் பக்கத் தையலுக்கு விட்ட அதே இடைவெளியை விட்டால் அடி அகலம் 2 இஞ்ச் வரும்.  உயரத்தில் ஒரு இஞ்ச் குறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிபோல் நிற்கும் இந்த வடிவம் தையல் சாமானுக்கு நல்லது. கைப்பைக்குள் போடும் பைக்குத் தட்டையே மேல்.

கல்யாண வீட்டில் வந்தவர்களுக்குக் கொடுக்க இருபது முப்பது தைப்பதானால் ஒவ்வொன்றாகத் தைத்து முடிக்க வேண்டாம். எல்லாத் துணியையும் வெட்டி முடித்து, எல்லா ஜிப் முனையையும் தைத்து, பிறகு ஜிப் இணைப்பு என்று வேலை வேலையாகப் போங்கள். முனைத்துண்டுகளை வரிசையாக நூலை அறுக்காமல் தைத்துக்கொண்டே போகலாம். முதல் பையை மட்டும் முழுதாக முடித்துப் பார்த்துவிடுங்கள். அளவில் பிழை இருந்தால் அதில் தெரிந்துவிடும், முப்பதிலும் பிரிக்க வேண்டியதில்லை.

பை பழசாகும்போது முதலில் கெடுவது துணி இல்லை, ரன்னர். ரன்னரை இழுத்து மூடிய பிறகும் அதன் பின்னால் பல் பிரிந்துகொண்டே வந்தால் ஜிப்பே போயிற்று என்று நினைத்துவிடுவார்கள். பல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ரன்னரின் மேல்தகடும் கீழ்த்தகடும் தேய்ந்து அகன்றிருக்கும். ஜிப்பை முழுதும் திறந்து, ரன்னரின் பின்பக்கத்தை, இரண்டு ஓரத்திலும் மாறி மாறி, குறடால் லேசாக ஒரு அழுத்து அழுத்துங்கள். ஒரேயடியாக நெரித்தால் ரன்னர் நகராது. இறுக்கமாக ஓடும் ஜிப்பில் வெள்ளை மெழுகுவர்த்தியைப் பல்மேல் நீளவாக்கில் இரண்டு முறை தேய்த்து, ரன்னரை நான்கைந்து தடவை இழுத்துவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் வேண்டாம், கண்டாங்கியில் ஊறிக் கறையாகிவிடும்.